மங்கல் நிறம்

சென்ற மார்கழி விடுமுறைக்கு யாம் எம் ஊராகிய திருவண்ணாமலைக்குச் சென்றபோது, எம் இல்லத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்கிற்குரிய பொருள் ஒரு புடைவை. இன்னும் சரியாகச் சொல்லின், வாங்கப்பெறாத ஒரு புடைவையின் நிறம். வழக்கிட்டோர் இருவர். ஒருவர் வேலூரில் செவிலியராகப் பணிபுரியும் எம் தமக்கையார். தைத் திங்களில் அவருக்குத் திருமணம். மற்றவர் எம் தந்தையாரைப் பெற்ற பாட்டியார். எம் பக்கத்து வழக்கப்படி அவரை யாங்கள் ஆயா என்றே அழைப்போம். எம் அன்னையார் இருவர்க்கும் நடுவே வாய் திறவாதிருந்தார். தந்தையாரோ பந்தற்காரரைப் பார்த்து வருவதாகச் சொல்லி அடிக்கடி வெளியே போய்விடுவார். ஆகவே தூது செல்லும் பணி, விடுமுறையில் வந்த எம் தலையில் விழுந்தது. தூதின் இலக்கணத்தை வகுப்பிற் படித்திருந்தும், இருதிறத்தாராலும் வையப்பெற்றதே யாம் கண்ட பயன்.

காலையில் தேவாலயத்தில் உடுக்கும் புடைவையைப் பற்றி யாதொரு பூசலும் இல்லை. அது ஆரணியில் வாங்கிய பட்டு, வெண்மையிற் சிறிது சந்தனம் கலந்தாற் போன்றது, பொற்சரிகைக் கரையுடையது. எம் சபையில் மணமகள் உடுக்க வேண்டியது எதுவோ அதுவே. மாலை வரவேற்புக்கு உடுப்பதிலேதான் சிக்கல் எழுந்தது. தமக்கையார் அதற்குச் சாம்பல் நிறப் பருத்திப் புடைவை வேண்டுமென்றார். சரிகையும் வேண்டாம் என்றார்.

"சாம்பலா? சாம்பற் புதன்கிழமையிலா கலியாணம் வைத்திருக்கிறார்கள்?" என்றார் ஆயா.

"ஆயா, இப்போது எல்லாரும் அப்படித்தான் உடுத்துகிறார்கள்."

"யார் அந்த எல்லாரும்?"

இவ்வினாவிற்கு விடையாகத் தமக்கையார் தம் கைப்பேசியை நீட்டினார். அதிலே டில்லியிலும் மும்பையிலும் நடைபெறும் ஆடை அரங்கேற்றங்களின் படங்கள் வரிசையாக வந்தன. ஆயா மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, ஒவ்வொரு படத்தையும் பொறுமையாக நோக்கி, ஈற்றில், "பாவம், இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் சோறு போடுவதில்லையா?" என்று கேட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதல் நாள் விசாரணை அத்துடன் முடிந்தது.

அன்றிரவு அப்படங்களை யாமும் பார்த்தோம். உண்மையை உரைப்பின், எமக்கும் முதலில் ஆயாவின் எண்ணமே உண்டாயிற்று. பெண்களும் ஆடவரும் சிரியாத முகத்துடன், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரொன்றின் முன்னே, மழையில் நனைந்த கல்லின் நிறத்திலும் காய்ந்த களிமண்ணின் நிறத்திலும் உடுத்து நிற்கின்றனர். ஆயினும் பத்துப் பதினைந்து படம் பார்த்தபின் கண் சிறிது பழகிற்று. நிறம் அடங்கிய இடத்தில் நெசவு தென்படுகிறது, மடிப்பு தென்படுகிறது, தையற்காரன் எந்த இடத்தில் நூலை நிறுத்தினான் என்பதுகூடத் தெரிகிறது. சிவப்புப் பட்டிலே இவை யாவும் சிவப்பினுள் ஒளிந்துகொள்ளும். இராஜேஷ் பிரதாப் சிங் என்னும் வடிவமைப்பாளரின் உடைகளில், வெள்ளையும் சாம்பலும் கருமையுமே பெரும்பாலும் இருக்க, நுண்ணிய மடிப்புத் தையல்கள் வயலில் உழுசால் போல வரிவரியாக ஓடுகின்றன. 1992-இல் தொடங்கப்பெற்ற ஆபிரகாம் அண்டு தாக்கூர் நிறுவனத்தார், ஐதராபாத்துப் பக்கத்து இக்கத்து நெசவிலே, ஆங்கிலேயர் குளிர்காலச் சட்டைத் துணிக்குரிய கறுப்பு வெள்ளைக் கட்டத்தை ஒரு பட்டுப் புடைவையாக நெய்வித்தனர். அப்புடைவை இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச் சாலையிற் சேர்ந்திருக்கிறது. எங்கோ குளிர்தேசத்து ஆடவன் தோளிற் கிடந்த கோலம், நம் நெசவாளர் கைப்பட்டு, ஒரு பெண்ணின் முந்தானையாய் விழுந்திருப்பதைக் கண்டு யாம் நெடுநேரம் வியந்தோம்.

ஆனால் வியப்பு வழக்கைத் தீர்க்காது. மறுநாட் காலை யாம் ஆயாவிடம் இலக்கணத்தைக் கொண்டு பேசிப் பார்த்தோம். சங்கச் சான்றோர் நுண்ணிய துகிலுக்கு எவற்றை உவமித்தனர்? பாம்பு உரித்த தோலை, விரிந்த புகையை, எழும் ஆவியை. நுண்மையைக் கருதியே அவ்வாறு கூறினரெனினும், மூன்று பொருளும் நிறத்தால் மங்கியவையே அல்லவோ? ஆகவே அக்காள் விரும்புவது புதுமையன்று, பழைமையே என்று முடித்தோம். ஆயா கீரை ஆய்ந்துகொண்டே, "பாம்புத் தோலா? நல்ல நாளில் நல்ல பேச்சுப் பேசு, கண்ணு" என்றார்.

உண்மையில் ஆயாவின் பக்கத்திலும் இலக்கணம் இருந்தது. அவர் அறியாமலே இருந்தது. மங்கல் என்பது ஒளி குன்றுதல். மங்கலம் என்பது நன்மை. ஒரு மகரமெய்யும் ஓர் உயிரும் கூடினவுடன் பொருள் தலைகீழாய் மாறிவிடுகிறது. விளக்கு அணைந்தது என்னாமல் விளக்கைக் குளிர வைத்தார் என்று கூறும் மக்கள், மணமகள் மேல் மங்கிய நிறத்தைச் சார்த்த அஞ்சுவதில் வியப்பில்லை. துணிக்கடைக்காரர் இதனை நன்கு அறிந்தவர். மயிற்கழுத்து, மாந்தளிர், அரக்கு, வாடாமல்லி என்று அவர் நிறத்திற்கு இடும் பெயர்களெல்லாம் செழிப்பின் பெயர்கள், எம். எஸ். நீலம் என்று ஒரு பாடகியார் பெயரால் வழங்கும் நிறமும் உண்டு. பழுப்புக்கு மட்டும் யாரும் பெயர் சூட்டுவதில்லை. இப்பொழுது நகரத்து வடிவமைப்பாளர் அதற்கும் பெயரிடத் தொடங்கிவிட்டனர்: எலும்பு, எஃகு, புகை, ஈரக்கல் என்று. யானைப்பாகர் ஆடையைக் காரை என்பது குழூஉக்குறி என்று இலக்கண உரையிற் படித்தபோது, ஆடைக்கு மறைபெயர் எதற்கு என்று எண்ணியதுண்டு. இக்காலத்துப் பாகர்களைக் கண்டபின் அந்த ஐயம் தீர்ந்தது.

இனி, மங்கிய நிறம் உயர்ந்தோர் நிறமானது எவ்வாறு என்பதை ஆராய்ந்தோம். பண்டைக் காலத்தில் ஒளிமிக்க நிறம் என்பது அரும்பொருள். சாயவேரைத் தோண்டி, அவுரியை ஊறவைத்து, பல நாள் உழைத்துத்தான் ஒரு துணியைச் சிவப்பாக்கவோ நீலமாக்கவோ கூடும். ஏழையின் துணி பஞ்சின் நிறமாகவே கிடந்தது. 1856-ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் மாணவர், மலைக்காய்ச்சலுக்குரிய கொயினாவைச் செயற்கையாகச் செய்யப் புகுந்து, நிலக்கரித் தாரிலிருந்து எதிர்பாராமல் ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டார். அப்பொழுது அவர்க்கு வயது 18. எம்மினும் ஓராண்டு இளையவர் என்பதை நினைக்கும்போது எம் தேர்வு மதிப்பெண்கள் நினைவுக்கு வந்து வருத்துகின்றன, அது நிற்க. 1897-இல் ஜெர்மானியரின் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது. நம் நாட்டு அவுரித் தொழில் வீழ்ந்தது. பளிச்சென்ற நிறம் எவர்க்கும் கிடைக்கும் பொருளாயிற்று. எல்லார்க்கும் கிடைப்பது எதுவோ அதனைச் செல்வர் விரும்புவதில்லை. 1926-இல் பாரிஸ் நகரத்துச் சனேல் அம்மையாரின் எளிய கறுப்பு உடையை ஓர் அமெரிக்க இதழ் போர்டு மோட்டார் வண்டிக்கு ஒப்பிட்டு வெளியிட்டது. 1981-இல் ஜப்பானியராகிய ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் அதே நகரத்தில் கறுப்பு உடைகளைக் காட்டியபோது, துக்க வீட்டைக் கண்டாற் போலப் பலர் திகைத்தனர். பின்பு அவர்களே அவ்வுடையை விலை கொடுத்து வாங்கினர்.

துக்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆயாவின் அச்சம் தமிழர்க்கே உரிய தன்று. விக்டோரியா அரசியார் 1861-இல் கணவரை இழந்தபின் 1901-இல் தாம் இறக்கும் வரை கறுப்பே உடுத்தினார். அவர் காலத்து ஆங்கிலப் பெண்மணிகள் முழுத் துக்கத்திற்குக் கறுப்பு உடுத்து, நாட்கள் சென்றபின் அரைத் துக்கத்திற்குச் சாம்பல் நிறத்திற்கு மாறுவர். இதனைத் தமக்கையாரிடம் கூறினோம். "நீ எந்தப் பக்கம், தம்பி?" என்று அவர் சினந்தார்.

எம் ஊரோ இவ்வழக்கிற்குச் சான்று கூறுவதில் இருபக்கமும் சாய்ந்தது. பன்னிரு திங்களும் திருவிழா நடக்கும் ஊர். பூக்கடையிலும் வளையற் கடையிலும் நிறம் வழிந்தோடும் ஊர். ஆயினும் நிமிர்ந்து பார்த்தால், பதினொரு நிலையும் 217 அடி உயரமும் உடைய கீழைக் கோபுரம், வேறு ஊர்க் கோபுரங்களைப் போலப் பல வண்ணப் பூச்சின்றி, வெளிறிய ஒரே நிறமாக நிற்கிறது. அதன் பின்னே மலை. யாம் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவரேயாயினும், அம்மலையைப் பாராமல் ஒரு நாளும் பல் துலக்கியதில்லை. விடியலில் அது சாம்பல். உச்சியில் வெந்த செங்கல். மழை வருமுன் கருநீலம். மாலையில் மறுபடி சாம்பல். இத்துணை அடங்கிய நிறங்களை எந்த அரங்கேற்றத்திலும் யாம் கண்டதில்லை.

அம்மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையிலே காவியுடுத்தோர் இருக்கின்றனர். காவி ஒரு நிறம் என்று எண்ணியிருந்தோம். உற்று நோக்கினால் ஒருவர் துணி புதுச் செங்கல், ஒருவர் துணி பழுத்த அரசிலை, ஒருவர் துணி வெறும் நினைவளவில் மட்டுமே காவி. மழையும் வெயிலும் அத்துணியை வடிவமைத்திருக்கின்றன. செங்கம் சாலையிலே, 1896-இல் இளைஞராய் வந்து 1950-இல் மறையும் வரை இவ்வூரை நீங்காதிருந்த இரமண மகரிஷியின் ஆசிரமத்தைச் சூழ, குளிர்காலந்தோறும் வெளிநாட்டார் வந்து தங்குவர். அம்மகரிஷி உடுத்தது ஒரு கோவணமே. அவரை நாடி வருவோர்க்காகச் சாலையோரக் கடைகளில் வெளுக்காத கதர்ச் சட்டைகளும், சாம்பலும் மண்ணும் கலந்தாற் போன்ற தொளதொளத்த கால்சட்டைகளும் தொங்குகின்றன. இவற்றைக் காண்கையில், 1921-இல் மதுரையில் மேற்சட்டையைக் களைந்து முழத்துண்டு உடுக்கத் தொடங்கிய காந்தியடிகளின் நினைவும் வரும். அவர் ஏழையின் துணியை உடுத்தது ஏழையோடு நிற்பதற்கு. கடையில் தொங்குவதை வாங்குவோர் எதற்கு உடுக்கின்றனர் என்பதை யாம் தீர்ப்பிட மாட்டோம். எம் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் மட்டும், "துட்டுக் கொடுத்து வெளுத்துப்போன துணி வாங்குகிறார்கள்" என்று சொல்லி நாள்தோறும் சிரிப்பார்.

அவர் சிரிப்பதற்கு முன்பே அமெரிக்கர் இதனைச் செய்து காட்டினர் என்பதையும் இடையே கூறிவிடுவோம். 1958-ஆம் ஆண்டளவில் சென்னைக் கைத்தறிக் கட்டத் துணி புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் பெயர்பெற்ற கடையில் விற்கப்பட்டது. துவைக்குந்தோறும் சாயம் கசிந்து நிறம் ஒன்றோடொன்று கலந்து மங்கியது. வாங்கியோர் முறையிட்டனர். உடனே விளம்பரக்காரர், சாயம் போவதே இத்துணியின் தனிச் சிறப்பு என்று எழுதினர், விற்பனை பெருகியது. நம் மொழியில் ஒருவன் சாயம் வெளுத்தது என்றால் அவன் பொய் வெளிப்பட்டது என்று பொருள். அங்கே வெளுத்த சாயமே மெய்யாயிற்று.

விடுமுறையின் முதல் வாரத்தில் தமக்கையாரும் யாமும் பேருந்தேறிப் புதுச்சேரிக்குச் சென்றோம். அருகிலுள்ள ஆரோவில்லில் இயற்கைச் சாயத் தொழில் பல ஆண்டுகளாக நடக்கிறது. 1993-இல் தொடங்கிய கலர்ஸ் ஆஃப் நேச்சர் என்பார் அவுரியைப் புளிக்க வைத்து நீலம் எடுக்கும் பழைய முறையைப் போற்றி வருகின்றனர். 1997-இல் உமா பிரஜாபதி என்பவர் தொடங்கிய உபாசனா நிறுவனத்தார், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் மீனவப் பெண்களுக்குத் துணித் துண்டுகளாற் பொம்மை செய்யக் கற்பித்தனர் என்பதை யாம் முன்பே படித்திருந்தோம். அக்காளின் உள்ளம் கவர்ந்த படங்களுட் பல இத்தகைய துணிகளே.

ஆனால் எங்களுக்கு நேர்ந்த அனுபவம் நகரத்துக் கடை ஒன்றிலாயிற்று. அதன் பெயர் வேண்டா. அக்காள் அன்று அடர்ந்த ரோசா நிறத்தில் சுடிதார் அணிந்திருந்தார்; யாம் கிறிஸ்துமசுக்கு எடுத்த கிளிப்பச்சைச் சட்டையில் இருந்தோம். கடையினுள்ளே இருந்தவையெல்லாம் மணலும் மூடுபனியுமாக இருந்தன. அவ்வறையிலே ஒலிபெருக்கி வைத்தாற் போல யாங்கள் இருவரும் நின்றோம். அக்காள் ஒரு சாம்பல் புடைவையைத் தொட்டுப் பார்த்தார். விலைச்சீட்டில் அவர் மாதச் சம்பளத்திற் பாதிக்கு மேற்பட்ட தொகை இருந்தது. விற்பனைப் பெண்மணி அருகே வந்து, மிக்க மரியாதையுடன், "உங்களுக்குப் பிடித்த மாதிரிக் கலரெல்லாம் பஜார் வீதியில் கிடைக்கும், மேடம்" என்றார். அவர் வைது அனுப்பியிருந்தால் அத்துணை உறைத்திராது. பேருந்தில் திரும்புகையில் செஞ்சி வரும் வரை அக்காள் பேசவில்லை. செஞ்சியில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தோம். "அந்தச் சாம்பலை நாமே செய்ய முடியாதா, தம்பி?" என்றார்.

முடியும் என்று அன்றிரவே நூல்களைப் பார்த்துக் கண்டுகொண்டோம். வேண்டியவை இரண்டே: கடுக்காயும் இரும்பும். கடுக்காயின் துவர்ப்பு, இரும்பின் நீரோடு சேர்ந்தவுடன் கருமை பிறக்கும். இரண்டும் குறைவாகச் சேரின் சாம்பல் பிறக்கும். ஐரோப்பியர் ஓக்கு மரத்தில் உண்டாகும் துவர்ப்புக் காய்களோடு இரும்புப்பைக் கூட்டிப் பன்னூறாண்டு எழுதிவந்த மையும் இதே இயல்பினது. கடுக்காயோ எம் மாவட்டத்துச் சவ்வாது மலையிலேயே விளைவது. எம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவே கிடைக்கும். தச்சரிடம் துருவேறிய ஆணிகளை ஒரு படி வாங்கினோம். கால் கிலோ வெல்லம் கரைத்த நீரிலே அவற்றைப் போட்டு, மண்பானையின் வாயைத் துணியாற் கட்டிக் கொல்லையில் வைத்தோம். அது புளித்து இரும்பைக் கரைக்க இரண்டு மூன்று வாரம் செல்லும். இரண்டாம் வாரத்தில் அதன் மணம் அடுத்த வீடு வரை சென்றது. கிறிஸ்துமஸ் கீதம் பாட வந்த சபை இளைஞர் கொல்லைப் பக்கம் திரும்பி மூக்கைப் பொத்தினர். ஆயா பானையைக் காணும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன்னாள், எம் வேட்டி ஒன்றையே முதலிற் சோதனைக்கு இட்டோம். கடுக்காய் நீரில் நனைத்து உலர்த்தியபோது வெளிறிய மஞ்சளாயிற்று. இரும்பு நீரைத் தண்ணீரிற் கலந்து அதனுள் தோய்த்தோம். கண் மூடித் திறப்பதற்குள் மஞ்சள் மறைந்து மேகம் படர்ந்தது. அந்த நொடியில் உண்டான மகிழ்ச்சியை எழுத இயலாது. ஆனால் பிழிந்து விரித்தபோது, ஓரிடம் கருமை, ஓரிடம் சாம்பல், ஓரிடம் பழைய வெண்மை என்று, அம்மை வார்த்த முகம் போல வேட்டி காட்சியளித்தது. அக்காள் திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். திருமணத்திற்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன. நெசவாளர் ஒருவரிடம் வாங்கி வைத்த சாயமேற்றாத கோராப் புடைவை ஒன்றே கையில் இருந்தது. அதனைப் பாழாக்கிவிட்டால் வேறு இல்லை.

அப்பொழுதுதான் ஆயா கொல்லைக்கு வந்தார். வேட்டியை எடுத்து விரலால் நிமிண்டினார். "கஞ்சி போகவே இல்லையே! கஞ்சி இருக்கிற இடத்தில் சாயம் எப்படி ஏறும்? தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?" என்றார்.

தமிழ் படிக்கிற பிள்ளைக்கு அது தெரியாதுதான். எந்த நூலிலும் துணியை முதலில் நன்றாக வெளுக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. யாம் அதனைத் தாண்டிச் சென்றிருந்தோம். ஆயா அதனைத் தாண்டாமல் ஒரு வாழ்நாளே வாழ்ந்தவர். 1978-இல், அவருக்கு 27 வயதிருக்கையில், எம் பாட்டனார் காய்ச்சலில் இறந்தார். அவர் மிஷன் பள்ளி ஒன்றில் ஆசிரியராயிருந்தவர். அதன்பின் ஆயா மாணவர் விடுதி ஒன்றில் சமையல் வேலைக்குச் சென்று எம் தந்தையாரைப் படிக்கவைத்தார். அன்று முதல் அவர் வெள்ளைப் புடைவையே உடுத்து வருகிறார். அடுப்படியிலே வெள்ளை! மஞ்சட் கறையும் கரியும் எண்ணெயும் படிந்த வெள்ளையை ஒவ்வொரு நாளும் சோடாவிட்டு வேகவைத்து, கஞ்சி நீக்கி, நீலமிட்டு, மறுபடி கஞ்சியிட்டு உலர்த்த வேண்டும். வெள்ளை என்பது நிறமின்மை என்று எண்ணியிருந்தோம். அது மற்றெல்லா நிறத்தினும் மிகுந்த உழைப்பை வாங்கும் நிறம் என்று அன்று அறிந்தோம்.

பெரிய அண்டாவில் சோடாவிட்டுக் கோராப் புடைவையை வேகவைத்தவாறே அவர் பேசினார். யாம் விறகு தள்ளினோம்.

"ஆயா, வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்று சபையில் சொன்னார்களா?" என்றோம்.

"யாரும் சொல்லவில்லை. எல்லாரும் பார்த்தார்கள்" என்றார்.

சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். தாத்தா இறந்த ஓராண்டிற்குப் பின், கிறிஸ்துமசுக்கு அவர் தம் அரக்கு நிறப் புடைவையைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தினாராம். கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, வெள்ளையை உடுத்துக்கொண்டு ஆலயத்திற்குச் சென்றாராம். "அந்த அரக்கை உன் அத்தைக்குக் கொடுத்துவிட்டேன். நீ சொல்லுகிறாயே, பெரிய பணக்காரரெல்லாம் ஆசைப்பட்டு மங்கல் உடுத்துகிறார்கள் என்று. ஆசைப்பட்டு உடுத்துகிறவர்களுக்கு அது அழகு, கண்ணு. இவள் அப்படி நிற்பாளோ என்றுதான் எனக்குப் பயம். வேறொன்றும் இல்லை" என்றார்.

யாம் மறுமொழி கூறவில்லை. 1859-இல் திருவிதாங்கூர் அரசு ஆணையிடும் வரை மேலாடை உடுக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு அடிபட்ட தென்னாட்டுப் பெண்களைப் பற்றி, எம் சபை வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் பெருமையோடு பேசுவோம். எம் வீட்டுப் பெட்டியில் மடிந்து கிடந்த ஓர் அரக்குப் புடைவையைப் பற்றி எம்முள் ஒருவரும் பத்தொன்பது ஆண்டில் ஒரு நாளும் கேட்டதில்லை.

புடைவை இரண்டு நாள் உலர்ந்தது. மூன்றாம் நாள் விடியலில், ஆயாவே அளவு சொன்னார். அரைக் கிலோ துணிக்கு நூறு கிராம் கடுக்காய்ப் பொடி. வெந்நீரில் ஓர் இரவு ஊறல். பிழிந்து நிழலில் உலர்த்தல். இரும்பு நீர் மிகினும் தீது. அது பருத்தி நூலையே நாளடைவில் அரித்துவிடும் என்று நூலிற் படித்ததை யாம் கூறினோம். "அதுவாவது படித்தாயே" என்று ஒப்புக்கொண்டார். ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு குவளையே ஊற்றினோம். அக்காள் ஒரு முனையும் ஆயா ஒரு முனையுமாகப் பிடித்து, நிறுத்தாமல் அலசிக்கொண்டே இருந்தனர். மஞ்சள் புகையாகி, புகை மேகமாகி, மேகம் மழைக்காலத்து மலையாகி நின்றது. "போதும், எடு" என்றார் ஆயா. அலசி விரித்தபோது முழுதும் ஒரே சீராக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலம் சிறிது வெளிறியிருந்தது. கொசுவத்தினுள் மறைந்துவிடும் என்று ஆயா தீர்ப்பளித்தார்.

இயற்கைச் சாயமே எல்லாப் பிணிக்கும் மருந்து என்று கூற யாம் முன்வரோம். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலாற்றைக் கெடுத்து, 2011-இல் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதை யாவரும் அறிவர். ஆயினும் ஒரு புடைவைக்கு மூவர் மூன்று வாரம் பாடுபட்டோம். ஊரார்க்கெல்லாம் இவ்வாறு உடுத்தக் கொடுப்பதற்கு எத்துணை மலையும் எத்துணை ஆயாமாரும் வேண்டும் என்று கணக்கிட்டபோது, அக்கடையின் விலைச்சீட்டின் மேல் எமக்கிருந்த சினம் பாதி தணிந்தது. மீதிப் பாதி அப்பெண்மணியின் மரியாதையின் மேலதாகையால் அது தணியவில்லை.

யாம் பானையைக் கவிழ்க்கச் சென்றபோது, ஆயா பின்னாலிருந்து, "மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றோம். உள்ளே சென்று, தம் வெள்ளைப் புடைவைகளுள் ஒன்றைக் கொண்டுவந்தார். அது முந்தின நாளே கஞ்சி நீக்கப்பெற்றிருந்தது என்பதைக் கையில் வாங்கியவுடன் கண்டுகொண்டோம். கடுக்காயின் வெளிர்மஞ்சளும் அதன்மேல் ஏறியிருந்தது. எப்பொழுது தோய்த்தார் என்று அக்காளும் யாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், கேட்கவில்லை. அவரே குனிந்து தோய்த்தார். அது உலரும் வரை கொடியின் கீழே கயிற்றுக் கட்டிலில், காகம் வந்து அமராதபடி கையில் ஒரு குச்சியுடன் உட்கார்ந்திருந்தார்.

வரவேற்பு நாளன்று மாலை, படம் பிடிக்க வந்தவர், பாட்டியும் பேத்தியும் ஒரே நிறத்தில் உடுத்தி நிற்பதைக் கண்டு, "முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டீர்களா, அம்மா?" என்று கேட்டார்.

"ஆமாம், மூன்று வாரம் பேசினோம்" என்றார் ஆயா.